‘எனக்கு ஒன்னுமில்ல’ என்பவரைக் கவனியுங்கள்: கடும் வெயிலுக்கும் கடும் குளிருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

மூன்று வருடத்துக்கு முன்னால், கத்திரி வெயில் உச்சத்தில் இருந்த ஒரு நாள் எங்கள் வீட்டு மாடிக்கு கான்கிரீட் போட்டோம். கான்கிரீட் வேலையைப் பாதியில் நிறுத்த முடியாது. காலை ஏழு மணிக்குத் தொடங்கிய கலவை மெஷின் மதியம் இரண்டு மணிக்கும் ஓடிக்கொண்டிருந்தது. சட்டி தூக்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். காலிச் சட்டியைக் கீழே வைத்தார், எடுத்தார், மறுபடி அதே இடத்தில் வைத்தார். மேஸ்திரி என்னவோ கேட்க, சம்பந்தமே இல்லாமல் கோபப்பட்டார். “செத்த உட்காருங்கண்ணே” என்றதற்கு, “எனக்கு ஒன்னுமில்ல, விடுப்பா” என்றார். இரண்டு நிமிடத்தில் சரிந்து விழுந்தார்.

ஒருவர் ஓடிப்போய் சோடா வாங்கிவந்து முகத்தில் அடித்தார். இன்னொருவர் வலிப்பு என்று நினைத்து இரும்புச் சாவியைக் கையில் திணித்தார். நான் வீட்டுக்குள் ஓடி பாராசிட்டமால் மாத்திரையைத் தேடிக்கொண்டிருந்தேன். மூன்றுமே வீண். சரியான வேலையைச் செய்தது ஒரு சித்தாள் அம்மாதான். க்யூரிங்குக்காக, அதாவது கான்கிரீட்டை நனைத்து இறுக வைப்பதற்காக, வைத்திருந்த தண்ணீர்க் குழாயை இழுத்துவந்து, தலையிலிருந்து கால்வரை அந்த மனிதரை நனைத்துக்கொண்டே இருந்தார். 108 வரும்வரை நிறுத்தவில்லை. அவர் பிழைத்துக்கொண்டார்.

அன்று செய்தியில் சொன்ன வெப்பநிலை 38 டிகிரிதான். அவ்வளவு பெரிய வெயில்கூட இல்லை. அந்த அம்மா செய்தது ஏன் சரி, நான் செய்தது ஏன் தப்பு என்று அதற்கப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அப்படிப் படித்ததில் என்னை உலுக்கிய விஷயம் ஒன்று உண்டு. கடும் வெயிலும் சரி, கடும் குளிரும் சரி, மனிதனின் யோசிக்கும் திறனைத்தான் சீக்கிரம் கெடுக்கின்றன. பாதிக்கப்பட்டவருக்குத் தான் பாதிக்கப்பட்டது தெரியாது. ஆகவே இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி, பக்கத்தில் இருப்பவருக்காக எழுதியது.

படி 1: எத்தனை டிகிரி என்பதோடு நிறுத்தாதீர்கள்

நம் உடம்பின் உள்வெப்பம் 37 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருந்தாலே ஒரு 100 வாட் குண்டு பல்பு அளவுக்கு உடம்பு வெப்பத்தை உண்டாக்குகிறது. சட்டி தூக்கினால் அது பல மடங்கு. இந்த வெப்பம் வெளியேறியாக வேண்டும். தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி. வெளிக்காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை வெப்பம் தானாக வெளியே போகும். காற்று அதைவிடச் சூடாகிவிட்டால் மிஞ்சுவது ஒரே வழி, வேர்வை ஆவியாவது. ஒரு லிட்டர் வேர்வை முழுதாக ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். கவனிக்கவும், ஆவியானால்தான். வழிந்து தரையில் சொட்டும் வேர்வை உடம்பைக் குளிர்விக்காது, உடம்பிலிருந்து தண்ணீரையும் உப்பையும் எடுத்துக்கொண்டு போகும், அவ்வளவுதான்.

அதனால்தான் புழுக்கம் ஆபத்தானது. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றி அளந்தால் கிடைப்பதை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். வேர்த்த உடம்பு எவ்வளவு தூரம் குளிர முடியும் என்பதை அது காட்டும். ஒரு கணக்கு பாருங்கள். உள் மாவட்டம் ஒன்றில் 42 டிகிரி வெயில், காற்றில் ஈரப்பதம் 20 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் சுமார் 24 டிகிரி. சென்னையில் 36 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் சுமார் 30 டிகிரி. டிவியில் 42 தான் தலைப்புச் செய்தி. ஆனால் நிழலில் நின்று வேலை செய்பவனுக்கு வேர்வை பயன்படாமல் போவது சென்னையில்தான்.

ஈரக்குமிழ் 35 டிகிரியைத் தொட்டால் நிழலில் சும்மா இருப்பவர்கூட சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது என்பது ஏட்டுக் கணக்கு. அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தார் 2022-ல் வெளியிட்ட சோதனைகளில், ஆரோக்கியமான இளைஞர்களுக்கே புழுக்கமான சூழலில் 31 டிகிரிக்குப் பக்கத்திலேயே உள்வெப்பம் கட்டுப்பாட்டை மீறி ஏறத் தொடங்கிவிட்டது. வயதானவர்களுக்கு இன்னும் குறைவாகவே இருக்கும்.

இந்திய வானிலைத் துறை வெப்ப அலை என்று அறிவிக்க, பொதுவாகச் சமவெளியில் குறைந்தது 40 டிகிரி, கடலோரத்தில் 37 டிகிரி இருக்க வேண்டும், வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடுதலாகவும் இருக்க வேண்டும். அறிவிப்பு வரவில்லை என்பதால் ஆபத்து இல்லை என்று ஆகாது. செய்தியில் வரும் எண், நிழலில், காற்றோட்டமான பெட்டிக்குள் அளந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். மொட்டை மாடியில், தகர ஷெட்டுக்குள், தார் ரோட்டில் நிற்பவருக்கு அந்த எண் பொருந்தாது.

ஆகவே தினமும் மூன்று விஷயம் பாருங்கள். பகல் வெப்பநிலை, ஈரப்பதம், இரவு எவ்வளவு தணிகிறது. மூன்றாவதை யாரும் பார்ப்பதில்லை. பகல் முழுக்கச் சூடேறிய உடம்பு ஆறுவதற்கு இரவு தேவை. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இரவிலும் அனல் இறங்கினால், மறுநாள் வெயிலை உடம்பு ஏற்கெனவே களைத்த நிலையில் சந்திக்கும். மூன்று நாள் இப்படித் தொடர்ந்தால் கவலைப்பட வேண்டும்.

படி 2: வீட்டில் யார் யார் என்று ஒரு கணக்கெடுங்கள்

வெயில் எல்லோர் மேலும் ஒரே மாதிரி விழுவதில்லை. வயதானவர்களுக்கு தாகம் எடுப்பதே குறைந்துபோகும், வேர்வையும் குறையும். வெளியே போகாமல் வீட்டுக்குள்ளேயே படுத்திருக்கும் பாட்டிக்கும் ஹீட் ஸ்ட்ரோக் (உள்வெப்பம் ஏறிப் புத்தி தடுமாறும் ஆபத்தான நிலை) வரும். அது ஒரு மணி நேரத்தில் வராது, இரண்டு மூன்று நாளில் மெதுவாக ஏறும். 1995 ஜூலையில் சிகாகோ நகரில் ஒரு வெப்ப அலையில் 739 பேர் கூடுதலாக இறந்தார்கள். அவர்களில் ஏராளமானோர் தனியாக வசித்த முதியவர்கள். 2003 கோடையில் பிரான்ஸில் மட்டும் சுமார் 15,000 பேர் இறந்தார்கள், அங்கேயும் அதே கதை. கதவைத் தட்டிப் பார்க்க ஆள் இல்லை.

நம் ஊரில் இப்படிக் கணக்கு வராததற்கு வெயில் குறைவு காரணமில்லை. சாவுச் சான்றிதழில் ‘மாரடைப்பு’ என்று எழுதிவிட்டால் வெயில் கணக்கில் வராது. அகமதாபாத்தில் 2010 மே மாதம் 46.8 டிகிரி வரை போனது. மற்ற ஆண்டுகளின் மே மாதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் 1,344 சாவுகள் கூடுதல் என்று தெரிந்தது. அந்த எண்தான் 2013-ல் அந்த நகரம் வெப்பத் தடுப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கக் காரணம். தமிழ்நாடு 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. ஆனால் வெயிலால்தான் இறந்தார் என்று மருத்துவர் எழுத வேண்டும். ஆகவே எங்கே, எத்தனை மணிக்கு, என்ன வேலை செய்துகொண்டிருந்தார் என்பதை மருத்துவமனையில் மறக்காமல் சொல்லுங்கள்.

மாத்திரை சாப்பிடுகிறவர்களை அடுத்து கவனியுங்கள். பிபிக்கும் இதயத்துக்கும் தரும் நீர் மாத்திரை, உடம்பிலிருந்து தண்ணீரை வெளியேற்றும். மனநலத்துக்குத் தரும் சில மருந்துகள் வேர்வையைக் குறைக்கும். மனநலத்துக்கே தரும் லித்தியம் என்ற மருந்தைச் சாப்பிடுகிறவருக்கு உடம்பில் நீர் வற்றினால் மருந்தே நஞ்சாகலாம். இதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஏப்ரல் மாதமே டாக்டரிடம் போய், ‘வெயில் காலத்துக்கு அளவை மாற்ற வேண்டுமா?’ என்று கேளுங்கள். இன்சுலின் வைத்திருக்கும் வீடுகளில், கரண்ட் போனால் என்ன செய்வது என்றும் யோசித்து வையுங்கள். மண்பானைத் தண்ணீருக்குள் மூடிய டப்பாவில் வைப்பது பழைய வழி, பயனுள்ள வழி.

கர்ப்பிணிகள். தமிழ்நாட்டில் உப்பளம், செங்கல் சூளை, வயல் போன்ற இடங்களில் வேலை பார்த்த பெண்கள் உட்பட 800 கர்ப்பிணிகளை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2024-ல் வெளியானது. கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கரு கலைவது, குழந்தை இறந்து பிறப்பது போன்ற ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இதில் இன்னொன்றும் சேரும். வேலையிடத்தில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. நீர்க்கடுப்பும் சிறுநீரகக் கோளாறும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. ‘தண்ணீர் நிறையக் குடிங்க’ என்று போஸ்டர் ஒட்டுவதை விட ஒரு கழிப்பறை கட்டுவது பெரிய மருத்துவம் என்பது என் எண்ணம்.

கைக்குழந்தையை மே மாதத்திலும் துணியால் இறுகச் சுற்றி, குல்லா மாட்டி, காலுறை போட்டு வைப்பதைப் பார்க்கிறோம். பாட்டிகளிடம் இதமாகச் சொல்லி ஒரு சுற்றையாவது கழற்றுங்கள். அப்புறம், நிறுத்திய காருக்குள் குழந்தையை ‘ரெண்டே நிமிஷம்’ என்று விட்டுப் போகாதீர்கள். பத்து நிமிடத்தில் உள்ளே 10 டிகிரி ஏறிவிடும்.

படி 3: உடம்பைப் பழக்குங்கள், அவசரப்படாதீர்கள்

வெயிலுக்கு உடம்பு பழகும். ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். பழகிய உடம்பு சீக்கிரமே வேர்க்கத் தொடங்கும், வேர்வையில் உப்பைக் குறைவாக விடும். பழகாத உடம்புக்கு இது தெரியாது. வெயிலில் வேலை செய்து இறந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வேலையின் முதல் நாளிலேயே இறந்தார்கள், 70 சதவீதத்துக்கு மேல் முதல் வாரத்துக்குள் இறந்தார்கள் என்பது அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறையின் கணக்கு.

ஆகவே புதிதாக வந்தவருக்கு முதல் நாள் வழக்கமான வேலையில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் வெயிலில் கொடுங்கள். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூட்டுங்கள். பழைய ஆள் காய்ச்சலில் ஒரு வாரம் படுத்துவிட்டு வந்தாலும், ஊர்த் திருவிழாவுக்குப் போய்விட்டு வந்தாலும், உடனே முழு வேலை வேண்டாம், பாதியில் தொடங்கட்டும். வளைகுடா நாடுகளுக்கு ஜூன், ஜூலையில் முதல் தடவையாகப் போய் இறங்கும் நம் ஊர்ப் பையன்களுக்கும் இது பொருந்தும். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 வரை திறந்தவெளி வேலைக்குத் தடை உண்டு. கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை, காலை 10 முதல் 3.30 வரை. அந்த நேரத்தில் யாராவது வேலைக்குக் கூப்பிட்டால் அது சட்டத்துக்கு விரோதம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

படி 4: தண்ணீரும் உப்பும்

வெயிலில் கடுமையாக வேலை செய்தால் மணிக்கு ஒரு லிட்டர் வரை வேர்வை போகலாம், சிலருக்கு அதற்கும் மேல். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காமல் 15-20 நிமிடத்துக்கு ஒரு தம்ளர் குடிப்பது நல்லது. ஒரேயடியாகச் சொம்பு சொம்பாகக் குடிப்பதும் கூடாது. மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டு போனால் ரத்தத்தில் சோடியம் குறைந்து, தலைவலி, குழப்பம், வலிப்பு வரை போகும். வேர்வையில் தண்ணீரோடு உப்பும் போயிருக்கிறது அல்லவா.

நம் ஊரில் இதற்கான விடை அடுப்படியிலேயே இருக்கிறது. உப்புப் போட்ட நீராகாரம், உப்புப் போட்ட மோர், இரண்டிலும் தண்ணீரும் உப்பும் சேர்ந்தே உள்ளே போகின்றன. இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. ஆகவே அது நல்லதுதான், ஆனால் நாலு மணி நேரம் வேர்த்தவருக்கு அது மட்டும் போதாது. மயக்கம் வருகிற அளவுக்கு நீர் வற்றியவருக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம்தான் சிறந்தது. அது இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பை ‘கொஞ்சம் கூடப் போட்டால் நல்லதுதானே’ என்று கூட்டக் கூடாது. இதயக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் உப்பும் தண்ணீரும் எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

போதுமான அளவு குடிக்கிறீர்களா என்பதைச் சிறுநீரின் நிறம் சொல்லும். எலுமிச்சைச் சாறு போல வெளிர் நிறம் என்றால் சரி. கடுங்காபி நிறத்தில் போனால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தசைகள் சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கியிருக்கலாம்.

படி 5: வீட்டுக்குள் சூட்டைக் குறைப்பது

வெயில் ஏறும் முன்பே கிழக்கு, மேற்கு ஜன்னல்களை மூடி, திரைக்குப் பதில் வெளிப்பக்கம் தட்டி கட்டுங்கள். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெப்பத்தைத் திரை நிறுத்தாது. இரவில் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். மாடிக்கு வெள்ளை அடித்தால் வித்தியாசம் தெரியும். தகரக் கூரையின் மேல் தென்னங்கீற்று பரப்பினாலும் தெரியும்.

மின்விசிறி பற்றி ஒரு எச்சரிக்கை. காற்றே 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் விசிறி அனலைத்தான் உடம்பின் மேல் அடிக்கும். அப்போது உடம்பை, அல்லது மேலே போட்ட துண்டை நனைத்துக்கொண்டு விசிறிக்கு அடியில் உட்கார்ந்தால்தான் பயன்.

படி 6: எது சாதாரணம், எது ஆபத்து

வேர்க்குரு வந்தால் கவலை வேண்டாம், குளித்துத் துடைத்துக் காற்றாட விடுங்கள். கெண்டைக்காலும் வயிறும் இழுத்துப் பிடித்தால் உப்பும் நீரும் குறைந்திருக்கின்றன, ஓய்வும் ஓ.ஆர்.எஸ்ஸும் போதும். வெகுநேரம் நின்று தலைசுற்றி விழுந்து, படுத்ததும் தெளிந்தால் அது சாதாரண மயக்கம். குமட்டல், தலைவலி, படபடப்பு, வியர்த்துக் குளிர்ந்த தோல், ஆனால் பேச்சு தெளிவாக இருக்கிறது என்றால் வெப்பச் சோர்வு. நிழலுக்குக் கொண்டுவந்து படுக்க வைத்து, கால்களை உயர்த்தி, குடிக்கக் கொடுத்து, அரை மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள்.

கோடு எங்கே விழுகிறது என்றால், புத்தி தடுமாறுவதில். உளறுகிறார், காரணமில்லாமல் கோபப்படுகிறார், தள்ளாடுகிறார், செய்ததையே திரும்பச் செய்கிறார், வலிப்பு வருகிறது, நினைவு தப்புகிறது என்றால் அது ஹீட் ஸ்ட்ரோக். உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். பத்திரிகைகளில் சிலர் இதை ‘வெப்பப் பக்கவாதம்’ என்று எழுதிவிடுகிறார்கள். கைகால் செயலிழந்துபோகும் பக்கவாதத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்தப் பெயரைப் படித்தவர், வாய் கோணவில்லையே என்று அலட்சியமாக இருந்துவிடலாம்.

இன்னொரு தப்பான நம்பிக்கை, ஹீட் ஸ்ட்ரோக் என்றால் வேர்வை நின்று தோல் காய்ந்திருக்கும் என்பது. வீட்டுக்குள் கிடக்கும் முதியவர்களுக்குப் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் வேலை செய்துகொண்டோ ஓடிக்கொண்டோ விழுந்தவருக்கு வேர்வை ஊற்றிக்கொண்டே இருக்கலாம். எங்கள் மாடியில் விழுந்தவரின் சட்டை பிழிகிற அளவுக்கு நனைந்திருந்தது. நெற்றியில் காட்டும் டிஜிட்டல் தெர்மாமீட்டரையும் நம்பாதீர்கள். வேர்த்த நெற்றியில் அது குறைவாகக் காட்டும்.

சந்தேகமாக இருந்தால் கேள்வி கேளுங்கள். இன்று என்ன கிழமை? காலையில் என்ன சாப்பிட்டீர்கள்? மேஸ்திரி பேர் என்ன? பதில் தடுமாறினால், அடுத்த படி.

படி 7: முதல் அரை மணி நேரம்

முதலில் குளிர்விக்க வேண்டும், அப்புறம்தான் வண்டி ஏற்ற வேண்டும். ஒருவர் 108-ஐக் கூப்பிடட்டும், மற்றவர்கள் அதற்குள் தண்ணீரைத் தொடங்கிவிட வேண்டும். அரை மணி நேரத்துக்குள் உள்வெப்பத்தை இறக்கிவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். தாமதமானால் மூளை, ஈரல், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகக் கெடும்.

நிழலுக்குக் கொண்டுபோங்கள். சட்டையைக் கழற்றுங்கள், பெல்ட், செருப்பைத் தளர்த்துங்கள். தலை முதல் கால்வரை தண்ணீர் ஊற்றிக்கொண்டே, அட்டை, துண்டு, விசிறி எது கிடைத்தாலும் வேகமாக வீசுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் அல்லது குளிர்ந்த ஈரத்துணி வையுங்கள். ஓடியோ வேலை செய்தோ விழுந்த திடகாத்திரமான ஆள் என்றால், பெரிய தொட்டியில் குளிர்ந்த தண்ணீரில் கழுத்துவரை அமர்த்துவதுதான் மிக வேகமான வழி. தலையை ஒருவர் தாங்கிப் பிடித்தே இருக்க வேண்டும். கட்டிட வேலை நடக்கும் இடத்தில் டிரம், குழாய், ஈரச்சாக்கு எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

வாயில் எதையும் ஊற்றாதீர்கள். புத்தி தெளிவில்லாதவருக்குச் சோடாவோ தண்ணீரோ நுரையீரலுக்குள் போய்விடும். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

பாராசிட்டமால் ஏன் கூடாது? காய்ச்சலில் மூளையே ‘39 டிகிரி வேண்டும்’ என்று உடம்பின் அளவை உயர்த்தி வைக்கிறது. மாத்திரை அந்த அளவைத்தான் இறக்கும். ஹீட் ஸ்ட்ரோக்கில் மூளை 37 தான் கேட்கிறது, உடம்பால் முடியவில்லை. மாத்திரைக்கு அங்கே வேலையே இல்லை. ஏற்கெனவே அடிபட்டிருக்கும் ஈரலுக்கு அது கூடுதல் சுமை.

படி 8: குளிரை ‘நம் ஊரில் ஏது’ என்று ஒதுக்காதீர்கள்

2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் சமயத்தில் இலங்கையின் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் குளிரால் செத்தன. பனி பெய்யவில்லை. மழையில் நனைந்து, ஒதுங்க இடமில்லாமல், விடாத காற்றில் நின்றதுதான் காரணம். ஈரமும் காற்றும் சேர்ந்தால் உறைநிலைக்கு மேலே எத்தனையோ டிகிரி இருக்கும்போதே குளிர் கொல்லும். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்பின் வெப்பத்தை உறிஞ்சும். படகு கவிழ்ந்து பல மணி நேரம் மிதக்கும் மீனவருக்கு நம் வெதுவெதுப்பான கடலிலும் உடல் விறைக்கலாம்.

உலக அளவில் குளிர் வெயிலைவிட அதிகம் பேரைக் கொல்கிறது. 13 நாடுகளில் 7 கோடிக்கும் மேற்பட்ட சாவுகளை அலசி 2015-ல் வெளியான ஆய்வு ஒன்றில், வெப்பநிலையோடு தொடர்புடைய சாவுகளில் பெரும்பங்கு குளிரினால் வந்தவை. அதிலும் கடும் குளிரைவிட, யாரும் பொருட்படுத்தாத மிதமான குளிர்தான் அதிகம் பேரைக் கொண்டுபோனது. குளிரில் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கும், பிபி ஏறும், இதயம் கூடுதலாக உழைக்கும், ரத்தமும் கொஞ்சம் கெட்டிப்படும். மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அது மச்சைத் துளைப்பது இருக்கட்டும், அந்தப் பனியில் விடியற்காலை ஐந்து மணிக்கு வாக்கிங் போகிற இதய நோயாளிகள் வெயில் வந்த பிறகு போனால் ஒன்றும் குறைந்துவிடாது. ஆஸ்துமா உள்ளவர்கள் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு போகட்டும்.

உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் உடல் விறைப்பு நிலை. முதலில் வெடவெடவென்று நடுக்கம் வரும். நடுக்கம் நல்லது. உடம்பு தன்னால் முடிந்தவரை வெப்பத்தை உண்டாக்குகிறது என்று பொருள். சுமார் 32 டிகிரிக்குக் கீழே நடுக்கம் குறைந்து நின்றுவிடும். ‘அப்பாடா, நடுக்கம் நின்னுடுச்சு’ என்று நாம் நிம்மதி அடையும் நேரம்தான் ஆபத்து தொடங்கும் நேரம். பேச்சு குழறும், பட்டன் போட முடியாது, கால் தடுமாறும், தூக்கம் சொக்கும். முற்றிய நிலையில் சிலர் ‘எரிகிறது’ என்று இருக்கிற துணியையும் அவிழ்த்துப் போடுவார்கள். கிராமத்தில் ‘ஜன்னி கண்டுடுச்சு’ என்பதற்குள் இதெல்லாம் அடங்கிப்போகும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. வீட்டில் வைத்திருக்கும் சாதாரண தெர்மாமீட்டர்கள் பல 35 டிகிரியிலிருந்துதான் தொடங்குகின்றன. அதற்குக் கீழே எவ்வளவு என்று அவை காட்டாது. ஆகவே குளிரிலும் பேச்சையும் நடையையும்தான் பார்க்க வேண்டும்.

படி 9: விறைத்தவருக்கு உதவுவது

காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் உள்ளே கொண்டுவாருங்கள். ஈரத் துணி முழுவதையும் கழற்றிவிட்டு உடம்பைத் துடையுங்கள். கம்பளியை மேலே போர்த்தினால் மட்டும் போதாது, கீழேயும் விரிக்க வேண்டும். தரையே வெப்பத்தை உறிஞ்சும். தலையை மூடுங்கள். சூட்டை மார்பு, கழுத்து, அக்குளில் கொடுங்கள், துணி சுற்றிய வெந்நீர் பாட்டில் போதும். கையையும் காலையும் தேய்க்காதீர்கள். முதலில் கைகால் சூடானால் அங்கிருக்கும் குளிர்ந்த ரத்தம் இதயத்துக்குத் திரும்பும். நடக்க வைக்கவும் வேண்டாம். விறைத்த இதயம் முரட்டுத்தனமாக அசைத்தாலே தாளம் தப்பிவிடலாம்.

தெளிவாக இருந்தால் சூடான இனிப்பு டீ கொடுக்கலாம். பிராந்தி வேண்டவே வேண்டாம். அது தோலின் ரத்தக் குழாய்களைத் திறந்துவிடும். கதகதப்பாகத் தோன்றும், ஆனால் உள்சூடு வெளியே ஓடிக்கொண்டிருக்கும்.

உயிர் இருப்பதாகவே தெரியாதபோதும் கைவிடாதீர்கள். 1999-ல் நார்வேயில் பனிக்கட்டிக்கு அடியில் சிக்கிய அன்னா போகன்ஹோம் என்ற மருத்துவரின் உள்வெப்பம் 13.7 டிகிரி வரை இறங்கியது. இதயம் நின்றிருந்தது. மெதுவாகச் சூடேற்றி அவரைக் காப்பாற்றினார்கள். உடம்பு சூடேறிய பிறகும் உயிர்க்குறி இல்லை என்றால்தான் இறந்தார் என்று சொல்லலாம் என்பது மருத்துவர்களின் விதி.

டொரண்டோவிலோ ஒஸ்லோவிலோ இருக்கிற உறவினர்களுக்கு: காற்றோடு சேர்த்துக் குளிர் -28 ஆகிவிட்டால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையத் தொடங்கும். மூக்கு நுனி, காது, விரல்கள் வெளுத்து மரத்துப்போனால் தேய்க்காமல், 37-39 டிகிரி வெந்நீரில் வையுங்கள். திரும்ப உறையும் வாய்ப்பு இருந்தால் அதையும் செய்யாதீர்கள். இருமுறை உறைந்த விரல் மிஞ்சாது.

பிறந்த குழந்தைக்கு வேறு கணக்கு. ஈரத்தோடு பிறக்கும் குழந்தை சில நிமிடத்தில் குளிர்ந்துவிடும். உடனே துடைத்து, தாயின் மார்போடு தோலோடு தோலாகப் போட்டு, மேலே போர்த்த வேண்டும். 24 மணி நேரம் கழித்துத்தான் குளிப்பாட்ட வேண்டும்.

படி 10: கரி அடுப்பை அறைக்குள் கொண்டுவராதீர்கள்

ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்கிறேன். ஜனவரியில் ஊட்டியின் தாழ்வான இடங்களில் வெப்பநிலை பூஜ்யத்தை நெருங்கும், புல்வெளியில் உறைபனி படியும். கதவு, ஜன்னலை அடைத்துவிட்டு, கரி போட்டுக் கணப்பு மூட்டித் தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்தி அடிக்கடி வருகிறது. அவர்களைக் கொன்றது குளிர் இல்லை, கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். புகை அடங்கிய கங்குகூட ஆபத்துதான். தலைவலியும் தூக்கக் கலக்கமும் வந்தால் காரணம் தேடாமல் வெளியே வாருங்கள். இன்னொரு கம்பளி கேட்டு வாங்குங்கள், சமவெளியிலிருந்து பைக்கில் ஏறிப்போகிறவர்கள் காற்று புகாத மேலங்கி கொண்டுபோங்கள்.

படி 11: ஜோடி போடுங்கள், போன் செய்யுங்கள்

எங்கள் வீட்டு மேஸ்திரி இப்போது வெயில் காலத்தில் ஆட்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்துவிடுகிறார். ஒருவர் மற்றவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ‘எனக்கு ஒன்னுமில்ல’ என்ற பதில் அங்கே செல்லாது, ஜோடிக்காரர் சரி என்றால்தான் சரி.

ஊரில் தனியாக இருக்கும் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ வெயில் நாட்களில் இரண்டு தடவை போன் செய்யுங்கள், மதியம் மூன்று மணிக்கு ஒன்று, இரவு ஒன்று. ‘நல்லா இருக்கீங்களா?’ என்று கேட்காதீர்கள். நல்லாத்தான் இருக்கேன் என்பார்கள். ‘மத்தியானம் என்ன சமையல்? பக்கத்து வீட்டு அக்கா வந்தாங்களா? மின்சார பில் கட்டியாச்சா?’ என்று கேளுங்கள். என்ன பதில் சொல்கிறார்கள் என்பதைவிட எப்படிச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். வழக்கமாகப் பத்து நிமிடம் பேசுகிற அம்மா இரண்டே வார்த்தையில் முடித்தால், சொன்னதையே திரும்பச் சொன்னால், உடனே பக்கத்து வீட்டுக்குப் போன் போடுங்கள். அந்த நம்பர் உங்கள் போனில் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.